தராசு முள்ளின் பயணம்

லத்தீனில் 'எக்ஸாமன்' என்றால் தராசின் நடுவில் ஆடும் முள். தேனீக் கூட்டத்துக்கும் அதே சொல்தான். படுக்கப் போகுமுன் அன்றைய நாளை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பொருளும் பொருத்தம் என்று. அந்தப் பழக்கத்துக்கும் பெயர் எக்ஸாமன்தான்; தமிழ்க் கத்தோலிக்கர் அதை ஆத்தும சோதனை என்பார்கள்.

பழக்கம் கிறிஸ்தவர்கள் தொடங்கியதல்ல. முதல் நூற்றாண்டு உரோமையில் செனெகா, விளக்கை எடுத்துப் போனபின், வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய சொல்லையும் செயலையும் தனக்குள் விசாரித்ததாக எழுதியிருக்கிறார். நீதிபதி அவரே, குற்றவாளியும் அவரே. துறவு மடங்களில்தான் அந்த விசாரணை செபமானது.

1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு ஒரு வீரரின் காலை நொறுக்கியது. லொயோலா வீட்டில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்த அந்த வீரர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், ஒன்றைக் கவனித்தார்: சில கனவுகள் கலைந்தபின் மனம் வறண்டுபோகிறது, சில கலைந்தபின்னும் குளிர்ச்சி தங்குகிறது. மறு ஆண்டு மன்ரேசாவில் எழுதத் தொடங்கிய குறிப்புகள் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலாகி, 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றன.

அந்த நூலில் ஒரு படம் உண்டு. வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடுகள், நாளுக்கு இரண்டு. திருத்திக்கொள்ள விரும்பும் ஒரு குறையில் எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி; மேல்கோடு மதியச் சாப்பாட்டுக்குப் பின், கீழ்க்கோடு இரவுச் சாப்பாட்டுக்குப் பின். பகலில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது என்று அவரே சேர்த்து எழுதுகிறார். மளிகைக்கடைக் கணக்கு மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் முழுநாளையும் பார்க்கும் முறைக்கு அவர் வைத்த ஐந்து படிகளில் முதல் படி நன்றி. பிறகு அருள் கேட்பது, மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது. பாவம் என்ற பேச்சே இரண்டாவது படியில்தான் வருகிறது.

நூல் அச்சாகுமுன்பே, 1542இல், இஞ்ஞாசியாரின் தோழர் பிரான்சிஸ் சவேரியாரோடு இந்த வழி முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டது. 1580இல் இயேசு சபையின் அன்றீக் அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, வழிகாட்டும் 'கொம்பெசியொனாயரு'வைத் தமிழில் அச்சிட்டார். தமிழின் முதல் அச்சு நூல்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பயணத்தில் இங்கேதான் ஒரு மூட்டை தவறிப்போனது. ஞானோபதேச வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்ததும் ஐந்துதான்: ஆத்தும சோதனை செய்வது, மனஸ்தாபப்படுவது, பிரதிக்கினை செய்வது, பாவங்களைச் சொல்வது, அபராதம் தீர்ப்பது. பாவசங்கீர்த்தனத்துக்கு இந்த ஐந்து சரி. ஆனால் பெயர் ஒன்றே என்பதால், ஆத்தும சோதனை என்றாலே சனிக்கிழமை சாயங்காலம் செபப்புத்தகத்தைத் திறந்து, பத்துக் கட்டளைகளையும் வரிசையாகப் பார்த்துப் பாவங்களைப் பொறுக்குவது என்று எங்களுக்குள் பதிந்துவிட்டது. நன்றி அந்தப் பட்டியலில் இல்லை.

1972இல் அமெரிக்க இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஆஷென்பிரென்னர் ஒரு கட்டுரையில், பார்க்க வேண்டியது குற்றக் கணக்கை அல்ல, இறைவன் நம்மை எங்கே இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை என்று வாதாடினார். தியான இல்லங்களில் பேச்சு மாறியது. புதிதாகச் சொன்னார் என்று பலர் நினைத்தார்கள். அவர் பழைய முதல் படிக்குத் திரும்பினார், அவ்வளவுதான். புள்ளிக் கோடுகளையும் நான் கைவிடச் சொல்ல மாட்டேன்; கோபக்காரர்களுக்கு அது நல்ல மருந்து.

கால் மணி நேரம் போதும். இன்றிரவு பாவப் பட்டியலைத் தேடுமுன், இன்று யாரோ உங்களுக்குச் செய்த ஒன்றை நினைத்து நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.