கூப்பன் காலத்துச் சமையலறை சொல்லித் தரும் பாடம்



போன வாரம் இடைவேளையில் ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைப் பாதி மட்டும் திறந்து, மூடியால் மறைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். பக்கத்தில் இருந்தவனின் கையில் கடையில் வாங்கிய ரோல்ஸ். அவன் எதையும் மறைக்கவில்லை.

நல்ல சாப்பாடு கொண்டுவந்தவன்தான் வெட்கப்பட்டான். இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? வரலாறு படிப்பிக்கும் நாம் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதிலும் பர்மா அரிசிதான் முக்கியம். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டில் இங்கே அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊர் ஊராகப் பெருகின. 'கூப்பன்' என்ற சொல் எமது வீடுகளுக்குள் நுழைந்தது. அரிசிக் குறையை நிரப்பக் கோதுமை மாவும் வந்தது. அதற்கு முன் கிராமத்து அடுப்பங்கரையில் அதற்குப் பெரிய இடம் இருக்கவில்லை. பிட்டு என்றால் அரிசி மா, ரொட்டி என்றால் குரக்கன். போர் முடிந்தது, ஆனால் கோதுமை மா போகவில்லை. எமது மண்ணில் விளையாத ஒரு தானியம் எமது காலைச் சாப்பாடாகிவிட்டது.

கூப்பன் அரிசி அரசியலையே ஆட்டிய கதை உங்களுக்குத் தெரியும். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சில மாதங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். சோற்றுக் கோப்பையின் கனம் அவ்வளவு!

ஆனால் பஞ்சத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த ஒருவரைப் பாடப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ். நாடெங்கும் பத்து இலட்சம் பலா மரங்கள் நட வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்று அழைத்தார்கள். சிங்கள மக்கள் பலாவுக்கு வைத்த இன்னொரு பெயர் 'பத் கஸ', சோற்று மரம். எத்தனையோ வீடுகளை அந்த மரங்கள் பட்டினி கிடக்கவிடாமல் காத்தன.

அடுத்த சோதனை 1970களில். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏற, கையில் அந்நியச் செலாவணி இல்லை. 1973இல் அரிசிப் பங்கீடு குறைந்தது. பாணுக்கு விடியுமுன்னே வரிசை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் தடை. இந்தக் காலத்தை எமது உம்மும்மாமார் இன்றும் சொல்வார்கள். பலாக்கொட்டையை மணலில் புதைத்து வைத்து மாதக்கணக்கில் எடுத்துச் சமைத்தார்கள். மரவள்ளியை மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். அது வெறும் பழக்கமில்லை. மரவள்ளியில் சயனைட்டு நச்சு உருவாகும். திறந்த சட்டியில் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடும்போது அது குறையும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. மலையகத் தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் இறந்தார்கள். வீட்டுத் தோட்டம் போட ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்களுக்குக் கிழங்கும் கீரையும் எங்கிருந்து கிடைக்கும்? கிழங்கு மட்டும் சாப்பிட்ட பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்பு வளராது. அதே 1973இல் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் திரிபோஷ மா கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சோளமும் சோயாவும் கலந்த மா அது. வயிற்றை நிரப்புவது வேறு, போஷாக்கு வேறு என்பதற்கு அதுவே சான்று.

1977க்குப் பிறகு கதவுகள் திறந்தன. 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. கடைகளில் பாணும் மாவும் தாராளம். அப்போதுதான் பலாவும் மரவள்ளியும் குரக்கனும் 'பஞ்சத்துச் சாப்பாடு' ஆகின. விருந்தாளி வந்தால் அவற்றை மறைத்தோம். அந்தப் பிள்ளையின் வெட்கம் அவனுடையதல்ல. அவனுக்கு முன்னிருந்த இரண்டு தலைமுறையின் வெட்கம் அது.

அதற்கான விலையை 2022இல் கொடுத்தோம். செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பாண் விலை ஏறியபோது, மரத்தடியில் விழுந்து அழுகிய பலாக்காயை நாம் திரும்பிப் பார்த்தோம்.

இன்றும் பல வீடுகளில் சம்பளம் மாதக் கடைசி வரை வருவதில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளை வகுப்பில் காண்கிறோம். அதனால் கூப்பன் காலத்து உம்மாமாரின் கணக்கை மீண்டும் சொல்கிறோம். கோப்பையில் வயிறு நிரப்ப ஒன்று, உடம்பு வளர்க்க ஒன்று, இலை ஒன்று.

வயிறு நிரப்பச் சிவப்பரிசிச் சோறோ, பலாவோ, ஈரப்பலாவோ, கிழங்கோ போதும். உடம்பு வளர்க்கப் பருப்பாணம், பயறு, முட்டை, சாளை மீன், இல்லையென்றால் ஒரு பிடி நெத்தலிக் கருவாடு. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் சேர்கிறது. சோற்றோடு பருப்பு சேரும்போது ஒன்றில் குறைவான புரதக்கூறை மற்றது ஈடுசெய்கிறது. இலைக்கு முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங் எது கிடைத்தாலும் சரி. பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, இரண்டு நிமிடம் மட்டும் சுண்டுங்கள். இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். இலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

காலையில் நேரமில்லை என்பவர்களுக்கு நோன்புக் கஞ்சியை நினைவூட்டுகிறோம். ஒரு பிடி அரிசி, உள்ளி, இஞ்சி, வெந்தயம், தேங்காய்ப்பால். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் சட்டியில் ஊருக்கே போதுகிற கஞ்சி, மற்றப் பதினொரு மாதமும் வீட்டுக்குப் போதாதா? அதில் வல்லாரையை அரைத்து ஊற்றினால் இலைக்கஞ்சி. 

அந்தப் பிள்ளையிடம் மறுநாள் நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் இருவர் வகுப்பிலேயே அமர்ந்து அவித்த மரவள்ளியைப் பெட்டி திறந்து சாப்பிட்டோம். இரண்டு பிள்ளைகள் வந்து, "சேர், எங்களுக்கும் ஒரு துண்டு" என்று கேட்டார்கள். அவன் தன் பெட்டியை முழுதாகத் திறந்து நீட்டினான்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இன்றிரவு கேளுங்கள், கூப்பன் காலத்தில் என்ன சமைத்தீர்கள் என்று. அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஒருநாள் பிள்ளைகளுக்கு அதைச் சமைத்தும் கொடுங்கள்.