மதுப் பயன்பாட்டு இடர் கண்டறிதல் (பாலெர்மோ)

குடிநோய் முற்றுவதற்கு முன்பே, தீங்கு தரும் அளவில் குடிப்பவரைச் சில கேள்விகளால் அடையாளம் காணும் மருத்துவ முறை. சிசிலியின் தலைநகரான பாலெர்மோவில் இதற்குச் சட்ட அடிப்படை, இத்தாலியின் 2001ஆம் ஆண்டு 125ஆம் எண் மதுச் சட்டம். விபத்து ஆபத்து மிகுந்த தொழில்களில் வேலை நேரத்தில் மது அருந்துவதை அது தடை செய்கிறது. அத்தொழில்களின் பட்டியல் 2006இல் வந்தது. கனரக வாகன ஓட்டுநர், மருத்துவப் பணியாளர் போன்றோர் அதில் அடங்குவர்.

பரவலாகக் கையாளப்படும் கருவி, உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்ந்து உருவாக்கிய 'ஆடிட்'. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் இடர் உண்டு. 20ஐத் தொட்டால் விரிவான பரிசோதனை தேவை. முதல் மூன்று கேள்விகள் மட்டும் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு.

இத்தாலியில் ஓர் அலகு மது என்பது 12 கிராம் எத்தனால்: ஏறத்தாழ 125 மி.லி. வைன் அல்லது 330 மி.லி. பீர். உணவோடு வைன் அருந்துவது இயல்பான ஊரில் பலர் அதைக் குடியாகவே எண்ணுவதில்லை. ஆகவே 'குடிப்பீர்களா?' என்று கேட்பதைவிட, எத்தனை கோப்பை, வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பதே பயன் தரும். பாலெர்மோவில் வாழும் ஈழத்தமிழரிடம் இக்கேள்விகளைத் தமிழில் கேட்க வேண்டும். குடும்பத்தார் முன்னிலையில் கேட்கவே கூடாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்வதும் தவறு: வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.