ஒரு பெயர், நான்கு நடை

கே.ஜி.கண்டிகையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருத்தணி. மலைமேல் முருகனைப் பார்க்க 365 படிகள், வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. கிருத்திகையன்று படியோரம் உட்கார்ந்து, ஏறுகிறவர்களின் கால்களை மட்டும் பாருங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை ஒன்று வந்தால் பக்கத்தில் யாராவது முணுமுணுப்பார்கள்: "பாவம், போலியோ போல."

அந்த 'போல'வுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கு. போலியோவுக்கு நாம் வைத்த பெயர் இளம்பிள்ளை வாதம். சின்ன வயசில் கால் விளங்காமல் போனால் எல்லாமே அதுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவிலும் ஆரம்பத்தில் இதே குழப்பம்தான். 1840இல் ஜெர்மனியின் யாக்கோப் ஹைனே, துவண்டு மெலியும் கால்களைத் தனி நோயாக விவரித்தார். கோளாறு தண்டுவடத்தில் என்பது அவர் கணிப்பு.

லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்றொரு டாக்டர். சின்ன வயசு போலியோவால் அவருக்கே ஒரு பாதம் வளைந்திருந்தது. 1861இல் அவர் எழுதியது வேறு வகைக் கால்களைப் பற்றி. அவை துவளவில்லை, விறைத்திருந்தன. தொடைகள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போயின, குதிகால் தரையைத் தொடவில்லை. பிரசவச் சிக்கல்தான் காரணம் என்றார் லிட்டில். மனோதத்துவத்துக்குப் பெயர்போன அதே ஃபிராய்ட் இதைப் பற்றி 1897இல் ஒரு பெரிய நூலே எழுதினார். கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம், சிக்கலான பிரசவம் அதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது அவர் வாதம். இன்று இதைப் பெருமூளை வாதம் என்கிறோம்.

மூன்றாவது நோயை பிரான்ஸின் டுஷென் விவரித்தார். தசையே சிதையும் நோய், பெரும்பாலும் பையன்களுக்கு வருவது. 1879இல் லண்டனின் கவர்ஸ் அதில் ஒன்றைக் கவனித்தார்: தரையிலிருந்து எழும் பையன் கையை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே படியேறுவதுபோல எழுகிறான்.

சிக்கல் என்னன்னா, இவை ஒன்றையொன்று நடிக்கும். பெருமூளை வாதப் பிள்ளையும் டுஷென் பையனும் முன்காலில் நடப்பார்கள். போலியோ வந்தவரும் டுஷென் பையனும் தொடையில் கை ஊன்றுவார்கள். ஆனால் போலியோ பெரும்பாலும் ஒரு காலை அதிகமாக மெலியவைக்கும். டுஷெனில் இரண்டு பக்கமும் பலம் குறையும், கெண்டைக்கால் பருத்திருக்கும், நடை வாத்து மாதிரி அசையும்.

நான்காவது நோய் இன்னும் தந்திரக்காரன். 1970களில் ஜப்பானின் மசாயா செகாவா விவரித்தது. காலையில் ஓரளவு நன்றாக நடக்கும் பிள்ளை சாயங்காலம் கால் முறுக்கித் தடுமாறும், தூங்கி எழுந்தால் மறுபடி தேறும். பெருமூளை வாதம் என்று முத்திரை குத்தப்பட்ட இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலர், குறைந்த அளவு லெவோடோபா மாத்திரையில் சகஜமாக நடந்திருக்கிறார்கள்.

இந்தியாவில் போலியோவை ஒழித்ததிலும் இந்தப் பிரித்தறிதலுக்குப் பங்கு உண்டு. திடீரென்று கால் துவண்ட பிள்ளை என்றால், 15 வயதுக்குள் யாராக இருந்தாலும் மலத்தை இரண்டு முறை எடுத்துச் சோதித்தார்கள். கடைசியாக இயற்கைப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகும் 'போலியோ போல' மட்டும் போகவில்லை.

ஒரு டுஷென் பையனை விறைப்புக்காரன் என்று நினைத்துக் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்தால் இருக்கிற தசையும் சேதமாகும். சரியான நேரத்தில் ஸ்டீராய்டு தொடங்கினால் அவன் நடக்கிற காலம் நீளும். நடையைப் பார்த்து சந்தேகப்படத்தான் முடியும், உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகம் வராவிட்டால் பரிசோதனைக்கு யார் அனுப்புவார்கள்?

அதனால் தெரபிஸ்ட் அந்த அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்கணும். "போன வருஷம் ஏறின படியை இப்போ ஏற முடியுதாம்மா? காலையில எப்படி நடக்கிறான், சாயங்காலம் எப்படி?" பதில் அந்த அம்மாவுக்குத் தெரியும். பல சமயம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.