வேலைப் பங்கிலிருந்து உதவித்தொகைக்கு: வங்காளத்தில் முஸ்லிம் வாக்கின் நூறாண்டு

1923 டிசம்பரில் சித்தரஞ்சன் தாஸ் உருவாக்கிய வங்காள ஒப்பந்தம் முஸ்லிம்களுக்குக் கணக்குப் போட்டே வாக்குறுதி தந்தது: அரசுப் பணிகளில் 55 சதவீதம், உள்ளாட்சி மன்றங்களில் பெரும்பான்மையினருக்கு 60, சிறுபான்மையினருக்கு 40. பெருந்தன்மை மட்டுமல்ல, தேவையும் இருந்தது. சட்டமன்றத்தில் ஆங்கில ஆட்சியின் அமைச்சர்களைக் கவிழ்க்க, தாஸின் சுயராஜ்யக் கட்சிக்கு முஸ்லிம் உறுப்பினர்களின் ஆதரவு வேண்டியிருந்தது. மாகாணத்தில் முஸ்லிம்கள் அன்று பெரும்பான்மையினர். கல்கத்தா நகரில் சிறுபான்மையினர். ஆகவே 1924இல் மாநகராட்சியே ஒப்பந்தத்தின் உரைகல் ஆனது. தாஸ் மேயர், சுஹ்ரவர்தி துணை மேயர், சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரி. போஸ் நிரப்பிய இடங்களில் முஸ்லிம்களுக்குக் கணிசமான பங்கு போனதும் நகரில் கூச்சல் எழுந்தது. காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாடு ஒப்பந்தத்தை முன்பே நிராகரித்திருந்தது. 1925இல் தாஸ் மறைந்தார். மறு ஆண்டே வங்காளக் காங்கிரஸும் அதைக் கைகழுவியது.

அதன் பிறகு கட்சிகள் எதையெதையோ கொடுத்தன. வேலைக் கணக்கை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தன.

பிரிவினை முஸ்லிம்களை மேற்கு வங்கத்தில் சிறுபான்மையினர் ஆக்கியது. 1964 மதக்கலவரத்தைக் கண்டவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பே முதல் கோரிக்கை. 1977இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி அதைத் தந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஆபரேஷன் பர்கா குத்தகை விவசாயிகளின் உரிமையைப் பதிவும் செய்தது. ஆனால் 2006 நவம்பரில் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, மக்கள்தொகையில் 25 சதவீதமான முஸ்லிம்களுக்கு மாநில அரசுப் பணியில் கிடைத்திருந்தது 2.1 சதவீதம்தான் என்று காட்டியது. முப்பதாண்டு ஆட்சிக்கு இதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகையை எதிர்க்கட்சிகூட எழுதியிருக்க முடியாது. 2007 மார்ச்சில், நிலம் எடுப்பை எதிர்த்த விவசாயிகள் மீது நந்திகிராமில் போலீஸ் துப்பாக்கிச்சூடு. 2010இல் இடது முன்னணி முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா அவசர அவசரமாக முஸ்லிம் சாதிகளை இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார். 2011இல் ஆட்சி போயிற்று.

அடுத்து முதல்வரான திரிணமூல் காங்கிரஸ் தலைவர் மம்தா பானர்ஜி வேறு வழி எடுத்தார். 2012இல் இமாம்களுக்கு மாதம் 2,500 ரூபாய் அறிவித்தார். மறு ஆண்டு உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணம் வக்பு வாரியம் வழியாகப் போகத் தொடங்கியது. முந்தானையால் தலையை மூடிக் கையேந்தும் முதல்வரின் படங்கள் நகரெங்கும் நின்றன. ஈத் தொழுகைக்கு அவர் வந்து நின்ற அதே ரெட் ரோட்டில் 2016இல் துர்கா பூஜை ஊர்வலமும் தொடங்கியது. 2018இல் பூஜைக் குழுக்களுக்குப் பணம், 2020இல் புரோகிதர்களுக்கு மாதம் 1,000. இமாமின் உதவித்தொகை அவர் பின்னால் தொழுகிற இளைஞனுக்கு வேலை தராது; பா.ஜ.க.வுக்கு மட்டும் நல்ல மேடைப்பேச்சைத் தந்தது.

அந்தப் பேச்சே முஸ்லிம் வாக்குகளைத் திரிணமூலிடம் கட்டியும் போட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மதகுரு அப்பாஸ் சித்திக்கியின் புதுக் கட்சியை இடதுசாரிகளும் காங்கிரஸும் கூட்டணியில் சேர்த்துக்கொண்டும், அது பாங்கோரில் மட்டுமே வென்றது. அவ்விரு கட்சிகளுக்கும் ஓரிடம்கூட இல்லை. 2023 சாகர்திகி இடைத்தேர்தலில் முஸ்லிம் வாக்காளர்கள் காங்கிரஸை வெல்ல வைத்தார்கள். வென்றவர் மூன்றே மாதத்தில் திரிணமூலுக்குப் போனார்.

வேலைக் கணக்குக்கு மிஞ்சிய வழி ஒதுக்கீடுதான். தமிழ்நாடு 2007இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்குத் தந்த 3.5 சதவீதம் நிலைத்துவிட்டது. வங்காளத்தில் 2010 முதல் 2012 வரை இரு ஆட்சிகளும் சேர்த்த 77 வகுப்புகளை, 2024 மே 22 அன்று கொல்கத்தா உயர்நீதிமன்றம் நீக்கியது. அரசியல் லாபத்துக்கான பண்டமாக முஸ்லிம் சமூகம் நடத்தப்பட்டதோ என்ற ஐயத்தையும் நீதிபதிகள் தீர்ப்பில் பதிவு செய்தனர். அவ்வகுப்புகளின் சான்றிதழைக் காட்டி ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களை மட்டும் தீர்ப்பு தொடவில்லை.