ஒரு படைத்தலைவர், மூன்று பெயர்கள்: காலின் கேம்பெலின் ஒளிப்படமும் மொழிபெயர்ப்பாளரும்

வரலாற்று ஒளிப்படங்களின் விளக்கக் குறிப்பு பெரும்பாலும் படத்தோடு தோன்றியதன்று, பின்னர் எழுதப்பெற்றதாகும். ஆதலின் அதிலுள்ள பெயரும் பதவியும் படம் எடுக்கப்பெற்ற காலத்துக்கே உரியன எனக் கொள்வது பிழைக்கு இடந்தரும். 1858இல் இந்தியா வந்த ஃபெலிஸ் பியாட்டோ எடுத்த, காலின் கேம்பெலும் வில்லியம் மேன்ஸ்ஃபீல்டும் ஒருங்கே காணப்பெறும் படம் இதற்குத் தக்க சான்றாகும்.

கேம்பெல் 1792இல் கிளாஸ்கோவில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தைவழிப் பெயர் மக்லிவர். கேம்பெல் என்பது தாய்வழிப் பெயர். 1808இல் படையிற் சேர்ந்தபோது தாய்மாமன் பெயராலேயே அவர் பதிவுசெய்யப்பெற்றார் என்பர். ஐபீரியப் போர், 1842இன் சீனப் போர், 1848-49இன் பஞ்சாபுப் போர், 1854இன் பாலக்லாவாப் போர் ஆகியவற்றில் அவர் பங்குகொண்டார்.

1857 ஜூலையில் இந்தியத் தலைமைப் படைத்தலைவராக நியமிக்கப்பெற்று, மறுநாளே இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டில் கல்கத்தா வந்தடைந்தார். வண்டிகளும் உணவுப்பொருளும் திரட்டுவதில் அங்கு இரு மாதங்களுக்கு மேல் கழிந்தன. நவம்பரில் இலக்னோவில் முற்றுகையிடப்பட்டிருந்தோரை மீட்டார். 1858 மார்ச்சில் அந்நகரைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஆகஸ்டில் கிளைட் பிரபு ஆனார். 1863இல் மறைந்தார்.

இங்கு மூன்று சொற்களை வேறுபடுத்துதல் வேண்டும். 'ஜெனரல்' என்பது படிநிலை. தலைமைப் படைத்தலைவர் என்பது பொறுப்பு. பிரபு என்பது பட்டம். தமிழில் 'தளபதி' என்னும் ஒரே சொல் முன்னிரண்டையும் குறிக்க வழங்குவதால் வேறுபாடு மறைகின்றது. 1857இல் பொறுப்பேற்றபோது கேம்பெலின் நிலையான படிநிலை லெப்டினன்ட் ஜெனரலே. படிநிலையை ஒலிபெயர்த்தும் பொறுப்பை மொழிபெயர்த்தும் எழுதின் குழப்பம் நீங்கும். 'கிளைட் பிரபு' என்னும் குறிப்பு 1858 ஆகஸ்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. மேன்ஸ்ஃபீல்டைச் 'சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு' எனச் சுட்டும் குறிப்பு 1871க்கு முற்பட்டதன்று. எனினும் இவை குறிப்பின் காலத்தையே காட்டும். படத்தின் காலத்தை அன்று.

இதே பியாட்டோ இலக்னோவின் சிக்கந்தர் பாகையும் படமெடுத்தார். 1857 நவம்பர் 16 அன்று கேம்பெலின் படை அங்கு நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 2,000 இந்திய வீரர் மாண்டனர். படத்தில் கட்டடத்தின் முன் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அவை படத்துக்கெனவே பரப்பப்பெற்றவை என ஆய்வாளர் கருதுவர். ஒரு படத்திலுள்ளவருக்கு மூன்று பெயர்கள். மற்றதிலுள்ளோருக்கு ஒரு பெயருமில்லை. அவர்களைக் 'கலகக்காரர்' எனப் பெயர்ப்பதா, 'வீரர்' எனப் பெயர்ப்பதா என்னுமிடத்தில் மொழிபெயர்ப்பாளர் வரலாற்றாசிரியரின் பொறுப்பையும் ஏற்கின்றார்.