நாலரை அடித் தடுப்பும் பக்கத்து பெஞ்சும்

1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நாள். சுதந்திர தினத்தைப் பார்த்துத்தான் தேதி குறித்தார்கள் போலிருக்கிறது. அந்த வருடம் பிறந்த குழந்தைகள் இன்று தங்கள் குழந்தைகளை ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறார்கள். இந்த முப்பது வருடத்தில் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது, எப்படி ஒழுங்காக நடந்துகொள்வது என்று யார், எப்போது, என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? டெல்லியில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இந்தக் கதையின் முக்கியமான காட்சிகள் பலவும் இந்த ஊரில்தான் நடந்தன.

கணினி பள்ளிக்கூடத்துக்கு வந்தது இணையத்துக்கும் முன்னால். 1984ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டு, பிரிட்டனில் செய்த பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய ஏசி அறை. வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத பெட்டி என்பதால் அதில் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஆபத்து அதிகபட்சம் கரண்ட் ஷாக்தான்.

1999 ஜனவரி 26ல் ஒரு வேடிக்கை நடந்தது. டெல்லி கால்காஜியில் என்ஐஐடி அலுவலகச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. சுகதா மித்ரா அந்தச் சுவரில் ஓட்டை போட்டு, இணைய வசதியுடன் ஒரு கணினியைப் பதித்து வைத்துவிட்டார். சொல்லித்தர ஆள் கிடையாது. தெருப் பிள்ளைகள் தாங்களாகவே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்கள். அதைவிட அழகு, அவர்கள் வைத்த பெயர்கள். திரையில் நகரும் கர்சருக்கு 'சூயி' (ஊசி). காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரத்துக்கு 'டமரு', அதாவது சிவன் கை உடுக்கை. இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள் தங்கள் வீட்டு மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றது. கூடவே 'பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானே கற்றுக்கொள்ளும்' என்ற எண்ணமும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. மவுஸ் பிடிப்பதைத் தானே கற்றுக்கொள்ளும், சரி. மற்றது?

2000 அக்டோபர் 17ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. மறு வருடமே டெல்லியில் ஒரு வழக்கு. 16 வயதுப் பள்ளி மாணவன். முகத்தில் தழும்புகள் இருந்ததை வைத்து வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். அவன் இலவச இணையதளம் ஒன்றைத் திறந்து, கூடப் படிக்கும் பெண்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் ஆபாசமாக எழுதிப் போட்டுவிட்டான். ஒரு பெண்ணின் தந்தை புகார் கொடுக்க, 67ஆம் பிரிவில் வழக்கு பதிவானது. பையன் சிறார் இல்லத்துக்குப் போய், பிறகு ஜாமீனில் வந்தான். சைபர் சட்டம் பற்றிய கட்டுரைகளில் இன்றும் வரும் வழக்கு இது. ஆனால் எல்லோரும் 67ஆம் பிரிவைப் பற்றித்தான் எழுதினார்கள். கேலியில் ஆரம்பித்துக் கேலியில் முடிந்த கதை என்பதையும், இரண்டு முனையிலும் இருந்தது ஒரே வகுப்புப் பிள்ளைகள் என்பதையும் கண்டுகொண்டவர்கள் குறைவு.

அதே காலத்தில் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு முறையீடு வந்தது. சைபர் கஃபேக்களில் சிறுவர்கள் கண்டதையும் பார்க்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று. நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. 2002 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. சிறுவர்கள் உட்காரும் கணினிகள் தடுப்பில்லாத திறந்த இடத்தில் இருக்கட்டும் என்பது அதில் ஒரு முக்கியமான யோசனை.

நம் தலைமுறைக்கு அந்த சைபர் கஃபேக்கள் மறக்குமா? ப்ளைவுட் தடுப்பு, ஒரு ஆள் நுழையும் சந்து, மணிக்கு இவ்வளவு என்று கணக்கு, பக்கத்து அறையில் யாஹூ சாட்டின் டிங் டிங் சத்தம். அந்தத் தடுப்பின் உயரத்தை ஒருவழியாக அரசாங்கமே 2011ல் விதி போட்டு முடிவு செய்தது. தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. திறந்த இடத்துக் கணினிகளின் திரை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். பெற்றோர் கூட இல்லாமல் சிறுவர்களைத் தடுப்புக்குள் விடக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பாடத்திட்டம் செய்ய வேண்டிய வேலையைத் தச்சரிடம் கொடுத்துவிட்டோம் :-) அந்த விதி வந்தபோது பிள்ளைகள் கஃபேயை விட்டு எழுந்து போக ஆரம்பித்திருந்தார்கள். தடுப்பு இல்லாத இடம் ஒன்று அவர்கள் பாக்கெட்டுக்கே வந்துகொண்டிருந்தது.

2004க்கு வருவோம். டெல்லியில் அந்தக் குளிர்காலத்தில் இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 11ஆம் வகுப்புப் பையன் தன்னோடு படிக்கும் பெண்ணுடன் இருந்ததை கேமரா போனில் எடுத்தது, எம்எம்எஸ்ஸாகக் கைமாறி, கடைசியில் பாஸி.காம் என்ற ஏலத் தளத்தில் விற்பனைக்கே வந்துவிட்டது. டிசம்பரில் அந்தத் தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைது. நாடே வாதம் செய்தது: தளத்தில் யாரோ போட்டதற்கு நிறுவனத் தலைவர் பொறுப்பா? அவர் மீதான வழக்கை 2012ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இணைய நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சட்டப்பிரிவும் 2008 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்டது. எல்லாம் சரி. அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து அடுத்தவனுக்குத் தட்டிவிட்ட எத்தனையோ மாணவர்களிடம் ஒரு வார்த்தை யாராவது பேசினார்களா? வகுப்பில் யாராவது, 'உன் தோழியின் படம் உன் கைக்கு வந்தால் நீ என்ன செய்வாய்?' என்று கேட்டார்களா? பள்ளிகள் செய்தது போனுக்குத் தடை. 2009 ஜூலையில் சிபிஎஸ்இ சுற்றறிக்கையே அனுப்பியது, பள்ளிக்குள் மொபைல் கூடாது என்று.

நடுவில் ஆர்குட் காலம். 2007 ஆகஸ்டில் மும்பையில் 16 வயதுப் பையன் கடத்திக் கொல்லப்பட்டான். ஆர்குட்டில் பெண் பெயரில் பழகி வரவழைத்தார்கள் என்று சொல்லப்பட்டது. (குற்றம் சாட்டப்பட்டவர்களை 2012ல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது என்பது வேறு விஷயம்.) அந்தச் செய்தி நடுத்தர வர்க்க வீடுகளை உலுக்கிவிட்டது. அதிலிருந்துதான் நம் வீடுகளில் ஒரே பாடம்: 'தெரியாதவங்ககிட்ட பேசாதே.' பாடம் தப்பில்லை. முகம் தெரியாத ஆட்களால் பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டு, இன்றும் உண்டு. பிள்ளைகளிடம் இணையத்தில் பழகி வலைக்குள் இழுப்பதையே 2009 அக்டோபரில் அமலுக்கு வந்த 67பி பிரிவு குற்றமாக்கியது. 2012 நவம்பர் 14ல் போக்சோ வந்தது. ஆனால் அந்த ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொண்டோம். மேலே சொன்ன இரண்டு டெல்லிக் கதைகளில் அந்நியன் எங்கே இருந்தான்? பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தானே!

2017ல் ப்ளூ வேல். அந்த ஆகஸ்டில் நம் குடும்ப வாட்ஸப் குரூப்புகள் பட்ட பாடு சொல்லி மாளாது. திருநெல்வேலி சித்தியிலிருந்து நியூஜெர்ஸி மாமா வரை எல்லோரும் ஃபார்வேர்டு செய்தார்கள். மத்திய அரசு ஆகஸ்ட் 11ல் கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு அந்த விளையாட்டின் இணைப்புகளை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. சில நாட்களிலேயே சிபிஎஸ்இ பள்ளிகளில் இணையப் பயன்பாட்டுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறகு 2018 ஜனவரியில் மத்திய அமைச்சர் மக்களவையில் சொன்ன பதில் பலர் கண்ணில் படவே இல்லை. எந்தத் தற்கொலையிலும் அந்த விளையாட்டின் பங்கை நிறுவ முடியவில்லை என்பதே விசாரணையின் முடிவு. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு என்ன துயரம் இருந்தது என்று கேட்க வேண்டிய நேரத்தில் நாம் திமிங்கிலத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பயம் ஒரு நல்லதையும் செய்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2018ல் உள்துறை அமைச்சகம் மாணவர்களுக்கென்றே சைபர் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. இணையக் கேலி, ஆசைகாட்டிப் பழகுவது, ஆன்லைன் விளையாட்டு, பண மோசடி எல்லாம் அதில் உண்டு. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் அதே வருடம் அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுத்தது. 2024ல் அது 5, 7ஆம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்கே போய்விட்டது. இதில் மலையாளிகள் நம்மை முந்திவிட்டார்கள் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என்சிஇஆர்டி என்ன செய்தது? 2019ல் வந்த 11ஆம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இதைப் பற்றித்தான். நாம் விட்டுச்செல்லும் டிஜிட்டல் தடங்கள், இணைய நாகரிகம், கேலி, சட்டம் என்று உருப்படியாக எழுதியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் அது விருப்பப் பாடம். காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கும் பயாலஜி எடுத்த பிள்ளைக்கும் அந்தப் பக்கம் கண்ணிலேயே படாமல் போகலாம். எடுத்த பிள்ளைக்கும் படும்போது வயது 16. பத்து வயதில் இன்ஸ்டாகிராமில் நுழைந்தவனுக்குப் பதினாறில் நீச்சல் வகுப்பு.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2009ல் போனைக் கொண்டுவராதே என்ற பள்ளிகள், போன் இல்லாவிட்டால் அட்டெண்டன்ஸ் இல்லை என்றன. மே மாதமே டெல்லியில் மூன்றாவது கதை: 'பாய்ஸ் லாக்கர் ரூம்'. பதின்வயதுப் பையன்கள் இன்ஸ்டாகிராமில் குழு வைத்து, தெரிந்த பெண்களின் படங்களைப் போட்டுக் கேவலமாகப் பேசியிருந்தார்கள். 2001, 2004, 2020. கருவி மாறியது, தொழில்நுட்பம் மாறியது, ஆட்கள் மட்டும் அதே வகுப்பறை ஆட்கள். அந்த மே மாதமே என்சிஇஆர்டியும் யுனெஸ்கோவும் சேர்ந்து வெளியிட்ட சிறு கையேடு, பள்ளிப் பிள்ளைகளுக்கிடையே நடக்கும் இணையக் கேலியை நேராகப் பேசியது. அந்நியனைத் தாண்டிப் பக்கத்து பெஞ்சைப் பார்க்க நமக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

சட்டம் இதில் விளையாட்டுப் பிள்ளை என்று பார்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒருவர் போனில் சிறார் ஆபாசப் படங்கள் இருந்த வழக்கில், தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே தீர்ப்பில் பிள்ளைகளுக்கு முறையான பாலியல் கல்வி வேண்டும் என்றும் சொன்னது. 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவரின் அப்படிப்பட்ட படம் என்றால், அனுப்பியவன் அதே வகுப்பில் படிப்பவன் என்பது விலக்கு ஆகாது. 'குரூப்பில் வந்தது அங்கிள், நான் ஃபார்வேர்டு மட்டும்தான் பண்ணேன்' என்பது செல்லாது. இதை ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்குத் தனிச் சிக்கல். நாம் தமிழில் கேட்கிறோம், பிள்ளை ஹிந்தியில் பதில் சொல்கிறது. வகுப்பு குரூப்பில் நடப்பது ஆங்கில எழுத்தில் அடித்த ஹிந்தி. அதில் எது செல்லக் கேலி, எது அசிங்கமான வசவு என்று ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குப் பிடிபடாது. தாத்தா பாட்டியை விடுங்கள். பிள்ளைக்கோ சாப்பாடு, தூக்கம், ஹோம்வொர்க் தாண்டி வீட்டுத் தமிழில் சொற்கள் இல்லை. உடம்பைப் பற்றிப் பேச நாம் சொல் கொடுத்ததே இல்லை, பள்ளியில் கேட்ட சொல்லை வீட்டில் சொன்னால் அடி விழும். கால்காஜிப் பிள்ளைகளுக்கு ஊசியும் உடுக்கையும் இருந்தன. நம் பிள்ளை 'ஒருத்தன் என் போட்டோவை வெச்சு மிரட்டறான்' என்பதை எந்த மொழியில் ஆரம்பிக்கும்? ஆரம்பித்தாலும் நம் முதல் வாக்கியம் பெரும்பாலும் 'போனைக் குடு இங்கே' என்பதுதான். அது தெரிந்த பிள்ளை வாயே திறக்காது.

1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996ல் மும்பையில் தொடங்கியது, இன்றும் வேலை செய்கிறது. சைபர் குற்றங்களுக்கு 1930. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதை மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் இவை எல்லாம் பிள்ளை ஒருவரிடமாவது சொன்ன பிறகு வரும் எண்கள்.

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. போன மாதம் ஒரு மணி நேரம் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்நியர், பாஸ்வேர்டு என்று நான் தொடங்கியதும் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், எல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். "அங்கிள், அனுப்பறது ஃபிரண்டுன்னா எப்படி பிளாக் பண்றது? நாளைக்கு அவகூடதானே பஸ்ல போகணும்?" அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. அவரவர் கதை. பாதி ஹிந்தி, பாதி தமிழ். கிண்டல், வம்பு, மிரட்டல், சீண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கரும்பலகையில் தமிழில் எழுதிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமானது.

அடுத்து பெற்றோருக்குத் தனி வகுப்பு வைப்பதாகப் பேச்சு. பாடத்தைப் பிள்ளைகளே தயார் செய்கிறார்கள். குடும்ப குரூப்பில் தன் மொட்டைத் தலைப் படத்தையும் மூன்று வயதுக் குளியல் படத்தையும் கேட்காமல் போட்டதுதான் முதல் பாடம் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏற்கெனவே சொல்லிவிட்டானாம்.