ஹவுளில் மீன் விட்டது ஏன்?



நீளமான பதிவுதான். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் தரம் 8 வகுப்புப் பிள்ளை ஒருவர் டெங்குக் காய்ச்சலோடு ஒன்பது நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது ஊரில் பலருக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகம். அந்தக் கிழமையே பீ.எச்.ஐ. மஹத்தயா பாடசாலைக்கு வந்தார். கானைப் பார்த்தார், மலசலகூடத்தைப் பார்த்தார், கூரைப் பீலியில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் குடம்பி அகப்பட்ட இடம் எங்கள் ஆசிரியர் அறை. யன்னலோரம் அழகுக்கு வைத்திருந்த மணி பிளான்ட் போத்தலுக்குள் பத்துப் பதினைந்து குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு டெங்குச் சுவரொட்டி வரையச் சொன்ன அதே அறையில்தான் நாங்கள் நுளம்பு வளர்த்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அதை மறைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், போத்தல் தண்ணியில புழு வருதுண்டா, பள்ளி ஹவுள்ல அவ்வளவு தண்ணி கிடக்கே, அங்க ஏன் வாறல்ல?" பின் வாங்கிலிருந்து மற்றப் பிள்ளை, "அங்க மீன் ஈக்குதே!" என்றது.

அந்த மீனில் தொடங்கியதுதான் இந்த வரலாறு. நம் ஊர் ஹவுளில் சிறு மீன்கள் நீந்துவதை நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறோம். வுழு எடுக்கும்போது கால் விரலைக் கடிக்கும் என்று பயந்தும் இருக்கிறோம். மீன் உயிரோடிருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர், அதுதான் அடையாளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மீன் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. நுளம்பு முட்டையிட்டுக் குடம்பி வெளிவந்தால், அது இறக்கை முளைத்துப் பறக்கும் முன்பே தின்றுவிடும்.

நுளம்புக்கும் மலேரியாவுக்கும் தொடர்புண்டு என்று உலகம் உறுதியாக அறிந்து ஏறத்தாழ நூற்று முப்பது வருடங்கள்தான் ஆகின்றன. மலேரியா என்ற சொல்லே 'கெட்ட காற்று' என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. சதுப்பு நிலத்துக் காற்றுப் பட்டால் காய்ச்சல் வரும் என்று நம்பி இரவில் யன்னலைப் பூட்டிக்கொண்டு படுத்தார்கள். காரணம் பிழை என்றாலும் பூட்டிய யன்னல் நுளம்பையும் கொஞ்சம் தடுத்திருக்கும்! 1897 ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற இராணுவ வைத்தியர் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்த நுளம்புக்கு இரத்தம் கொடுத்தவர் ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளி. தன்னைக் கடிக்கவிட்ட ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி கிடைத்தது. ரோஸுக்கு 1902 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானின் பெயர் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. நாங்கள் வகுப்பில் அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்கிறோம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மாவனல்லை, கேகாலைப் பக்கம் ஈரமான நாடு. மழை பெய்தால் மகா ஓயா கரை தொட்டு ஓடும். அப்படி ஓடும்வரை மலேரியா நுளம்புக்கு இங்கே பெரிய இடமில்லை. நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். அதற்குச் சாக்கடை பிடிக்காது. வெயில் படுகின்ற, தெளிந்த, அசையாத தண்ணீர்தான் வேண்டும். வெள்ளம் வந்தால் குடம்பி அடித்துக்கொண்டு போய்விடும். மழை பெய்தால் நுளம்பு பெருகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த நுளம்பின் விடயத்தில் கதை தலைகீழ். மழை பெய்யாவிட்டால்தான் ஆபத்து.

1934 இல் அதுதான் நடந்தது. மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் வற்றி, மணலுக்கும் கல்லுக்கும் இடையில் குட்டை குட்டையாகத் தேங்கின. ஒவ்வொரு குட்டையும் நுளம்புத் தொட்டிலானது. அந்த வருடக் கடைசியில் காய்ச்சல் தொடங்கியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மோசமாக அடிபட்டன. உலர் வலயத்து மக்கள் சின்ன வயது முதல் மலேரியா கண்டு கண்டு ஓரளவு தாங்கும் சக்தி பெற்றிருந்தார்கள். நம் பக்கத்தவர்களுக்கு அது இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காய்க்கும் இறப்பருக்கும் விலையில்லாமல் போயிருந்த காலம் அது. வரட்சியால் பயிரும் இல்லை. பசித்த உடம்பில் காய்ச்சல் ஏறியது. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மௌத்தானார்கள். அன்று நாட்டின் சனத்தொகையே ஐம்பத்தைந்து இலட்சம் அளவுதான்.

எங்கள் உம்மும்மாவுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதாகவும், ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்துத்தர ஆளில்லாமல் இருந்ததாகவும் சொல்வார். ஜனாஸா குளிப்பாட்ட வந்தவரே திண்ணையில் குளிர் நடுக்கத்தோடு சுருண்டுவிட்டாராம். கொயினா மருந்தின் கசப்பு எண்பது வயதிலும் அவர் நாக்கில் இருந்தது. அந்தப் பேச்சு வந்தாலே முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

இடையில் ஒரு சமையலறைச் செய்தி. பாணில் பூசிச் சாப்பிடும் மாமைட் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்தக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்குப் போய் மருந்து கொடுத்த சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள், சத்துக் குறைந்து தளர்ந்த நோயாளிகளுக்கு மாமைட்டும் கொடுத்தார்கள். பிள்ளை மாமைட்டைத் தள்ளிவைத்தால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு டீ.டீ.டீ. வந்தது. நாற்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து வீடு வீடாகச் சுவருக்கு அடித்தார்கள். நுளம்பு இருப்பது வெளியில், சுவருக்கு ஏன் அடிக்கிறார்கள் என்று அன்று பலர் சிரித்திருக்கிறார்கள். இரத்தம் குடித்த நுளம்புக்கு வயிறு பாரம். உடனே தூரம் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் குந்தி இளைப்பாறும். அந்தச் சுவரில்தான் மருந்து. 1963 இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள் மட்டுமே பதிவானார்கள்.

பதினேழு பேர்தானே என்று சுவருக்கு அடிப்பதை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. பிறகு மழை குறைந்தது, ஆறுகள் மீண்டும் குட்டையாகின. 1969 இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல்! ஆறு வருடத்தில் பதினேழிலிருந்து ஐந்து இலட்சம். வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு இதைவிடப் பயமுறுத்தும் இரண்டு எண்கள் கிடைத்ததில்லை.

அதன்பின் நாற்பது வருடங்களுக்கு மேல் போராட்டம். 1999 இல்கூட இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு மலேரியா இருந்தது. யுத்தம் நடந்த இடங்களிலும் மலேரியா ஊழியர்கள் இரத்த மாதிரி எடுப்பதை விடவில்லை. 2012 ஒக்டோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. பத்திரிகையில் ஒரு நாள் செய்தி, அவ்வளவுதான். கிரிக்கெட் கிண்ணம் வென்றதற்குப் பாதி சந்தோஷம்கூட நாம் படவில்லை.

அறிவிப்பு வந்து மூன்று மாதம். அதே வருட டிசம்பரில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு பிடிபட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டெபென்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. இலங்கையில் அதற்குமுன் கண்டதில்லை. இது பெரும்பாலும் ஆற்றுக் குட்டைக்குப் போகாது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். அதாவது, மலேரியா நுளம்பு ஆற்றங்கரையை விட்டு வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். இது வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆபிரிக்காவின் ஜிபூட்டியைப் பார்க்கலாம். 2012 இல் அங்கே இந்த நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருட நோயாளிகள் 27 பேர். 2020 இல் 73,000 பேர்.

நுளம்பு மட்டும் இருந்தால் மலேரியா வராது. கிருமியைச் சுமந்த ஒரு மனிதரும் வேண்டும். இந்த இடத்தில் நம் சமூகத்தைப் பற்றி ஒரு விடயம், கோபிக்காமல் கேளுங்கள். இரத்தினக்கல் வியாபாரத்துக்காக மடகஸ்கார், மொசாம்பிக், தன்சானியா போய்வருகின்றவர்கள் பேருவளையில் மட்டுமல்ல, நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். போவதற்கு முன் மலேரியாத் தடுப்புக் குளிசையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. எடுப்பவர் எத்தனை பேர்? வந்த பிறகு காய்ச்சல் என்றால் பெனடோல் போட்டுக்கொண்டு படுப்பவர்தான் அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெளிநாடு போனதைச் சொல்வதில்லை. சுங்கமா, வரியா, யார் காதிலாவது விழுமா என்ற பயம் வேறு. டொக்டரிடம் சொன்னால் சுங்கத்துக்குப் போகாது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இன்றைய இளம் டொக்டர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதே இல்லை. காய்ச்சல், குறைந்த பிளேட்லட் என்றால் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். மலேரியாவிலும் பிளேட்லட் குறையும். ஆபிரிக்காவில் அதிகமுள்ள வகை, சில நாள் தாமதித்தாலே மூளையைத் தாக்கி உயிரை எடுக்கும். இன்னொரு வகை ஈரலுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, வந்த நாளே மறந்துபோன பிறகு எழும்பும். அதனால் போன கிழமை வந்தவர் மட்டுமல்ல, போன வருடம் வந்தவரும் காய்ச்சல் என்றால் "நான் அங்கே போய் வந்தேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். 2018 கடைசியில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவருக்கு மலேரியா இருந்தது. அவரோடு வேலை செய்த நம் நாட்டவர் ஒருவருக்கும் தொற்றியது. உடனே கண்டுபிடித்து மருந்து கொடுத்ததால்தான் அது அந்த ஒருவரோடு நின்றது.

டெங்கு நுளம்பான ஈடிஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது ஞாபகமிருக்கும். ஒரு விடயம் மட்டும் பலருக்குத் தெரியாது, எங்களுக்கும் பீ.எச்.ஐ. சொல்லித்தான் தெரியும். ஈடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எங்கள் மணி பிளான்ட் போத்தலில் தண்ணீர் மாற்றிக்கொண்டுதான் இருந்தோம். தேய்த்துக் கழுவியதில்லை. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் செல்லும். கிழமைக்கொரு முறை, ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன் குளியலறை வாளி, பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, அலுமாரிக் காலுக்கு எறும்பு ஏறாமல் வைக்கும் கிண்ணம் எல்லாவற்றையும் தும்பு போட்டுத் தேய்த்தால் கணக்குச் சரி.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் காட்டுங்கள். தண்ணீரில் தலைகீழாகத் தொங்கினால் அது ஈடிஸ் அல்லது சாதாரண நுளம்பின் குடம்பி. தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடந்தால் அனோபிலிஸ். அப்படி ஒன்றைக் கிணற்றிலோ தாங்கியிலோ கண்டால் கொட்டிவிடாமல் பீ.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள்.

இனி ஹவுளுக்கு வருவோம். கொரோனாக் காலத்தில் ஹவுளைப் பாவிக்க வேண்டாம் என்றார்கள். அப்போது குழாய் பூட்டினோம். பிறகு குழாயே வசதி என்றாகிவிட்டது. இப்போது நிருவாக சபை ஹவுளை மூடி அந்த இடத்தில் வுழுச் செய்ய வரிசைக் குழாய் அமைக்கிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. முதியவர்களுக்கு வழுக்காது, நல்ல வேலை. வேலை முடியும்வரை பாதி உடைத்த ஹவுளில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது, மீனை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதுதான் கவலை. போன வியாழன் மஃரிபுக்கு முன் போய்ப் பார்த்தோம். குடம்பி இருக்கிறது. படத்தைச் சபைச் செயலாளருக்கு அனுப்பினோம். நாளைக் காலையே தண்ணீரை இறைத்து மணல் நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஜஸாகல்லாஹ்.

மீன்கள் இப்போது முஅத்தின் வீட்டுப் பின்புறம் இரண்டு பெரிய வாளிகளில் இருக்கின்றன. தரம் 8 பிள்ளைகள் எண்ணிப் பார்த்து நூற்றுக்கு மேல் என்கிறார்கள் (அவர்கள் எண்ணிக்கையில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம்). பெரும்பாலானவை கப்பி மீன்கள். தென் அமெரிக்காவிலிருந்து உலகமெல்லாம் போன இனம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிணறுகளில் விட்டது இதே மீனைத்தான். கப்பியை ஆற்றிலோ வயல் வாய்க்காலிலோ மட்டும் விடவேண்டாம், அங்குள்ள நம் நாட்டுச் சிறு மீன்களுக்கு அது இடைஞ்சல். பாவிக்காத கிணறு, மூடியில்லாத சீமெந்துத் தாங்கி, கட்டடத்துக்குத் தோண்டிவிட்ட குழி இருப்பவர்கள் கேளுங்கள். குடிக்கும் கிணறென்றால் பீ.எச்.ஐ. மஹத்தயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடலாம்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு பள்ளி வாசலில் நிற்போம். வாளியோ, வாயகன்ற போத்தலோ கொண்டு வாருங்கள். மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தால் நல்லது.